புது டெலி லென்ஸின் முதல் வாரம்: தெருச்சுவரிலிருந்து ஊசுட்டேரிவரை

தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் புது டெலி லென்ஸ் வாங்கியவர்கள் மறுநாள் விடியும் முன்பே புதுச்சேரியை அடுத்த ஊசுட்டேரிக்குப் போய் நிற்பார்கள். நூறு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் நாமக்கோழிக் கூட்டத்தை நானூறு படம் எடுத்துவந்து, கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் மசமசவென்று இருக்கும். உடனே "லென்ஸ் சாஃப்ட்", அதாவது கூர்மை இல்லை, என்று தீர்ப்பு. உண்மையிலேயே லென்ஸ் கோளாறாக இருக்கலாம். கை ஆடியிருக்கலாம். ஃபோகஸ் பறவைக்கு முன்னால் இருந்த கோரையைப் பிடித்திருக்கலாம். ஒன்பது மணி வெயிலில் காற்றே தளதளத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஏரியில் இந்த நான்கும் கலந்து வரும். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முதல் இரண்டு நாள் பறவையை மறந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போங்கள். ஏரி கடைசியில்தான்.

குறையிருந்தால் மாற்றித் தருவதற்குக் கடையில் எத்தனை நாள் கெடு என்று பில் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் கணக்கெல்லாம் 150-600, 200-600, 180-600, 200-500, 100-500 எம்எம் ஜூம்களை மனதில் வைத்துச் சொல்வது. விலை பல மடங்கான 600 எம்எம் எஃப் 4 வாங்கியவருக்கும் வேலை இதேதான். கை மட்டும் இன்னும் வலிக்கும்.

பெட்டியைப் பிரித்ததும்

பெட்டி, லென்ஸ், பில், வாரன்டி கார்டு எல்லாவற்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். ஓரிரண்டு தூசிப் பொட்டு புது லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. கீறல், எண்ணெய்ப் படலம், நூல்நூலாகக் கிளைவிட்ட பூஞ்சை இவை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லென்ஸை லேசாக ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்டால் பயப்பட வேண்டாம். கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் கண்ணாடி மின்சாரம் இல்லாதபோது தளர்ந்து கிடக்கும் சத்தம் அது. பல லென்ஸ்களில் இருக்கிறது. கேமராவை ஆன் செய்ததும் நின்றுவிட வேண்டும். லென்ஸைக் கழற்றும் முன் கேமராவை ஆஃப் செய்யும் பழக்கம் இதற்காகவும்தான்.

ஜூம் வளையத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மெதுவாகச் சுற்றுங்கள். இழுவை சீராக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகுவதோ நறநறப்பதோ கூடாது. ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும் வகை என்றால், கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தானாக இறங்கும். அது குறையல்ல, எடை. ஜூம் பூட்டு வைத்திருப்பதே அதற்குத்தான்.

கடைக்காரர் அன்போடு மாட்டிக் கொடுத்த யூவி ஃபில்டரைச் சோதனை முடியும்வரை கழற்றி வையுங்கள். இந்த லென்ஸ்களில் பலவற்றுக்கு 95 எம்எம் ஃபில்டர். அந்த அளவில் மலிவான கண்ணாடி 600 எம்எம்மில் படத்தைக் கண்ணெதிரே கெடுக்கும். நல்ல லென்ஸைக் கெட்ட லென்ஸ் என்று நம்பவைப்பதில் இதற்கு இணை கிடையாது.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் புது ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) வந்திருந்தால் ஏற்றிவிடுங்கள். வேறு நிறுவன லென்ஸைப் புது மிரர்லெஸ் உடலில் மாட்டும்போது ஆட்டோ ஃபோகஸ் திக்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒன்று மறக்கக் கூடாது. இரண்டு கிலோ லென்ஸ் மாட்டிய பிறகு கேமராவைப் பிடித்துத் தூக்காதீர்கள். லென்ஸின் அடிக்காலைப் பிடித்துத் தூக்குங்கள். ட்ரைபாடிலும் அடிக்காலைத்தான் பூட்ட வேண்டும். தோள்பட்டை வாரையும் லென்ஸில் உள்ள வளையத்திலேயே மாட்டுங்கள்.

பதினைந்து மீட்டரில் ஒரு நாளிதழ்

முதல் சோதனைக்குத் தேவை ட்ரைபாட், ஒரு நாளிதழ், செல்லோ டேப், 15 மீட்டர் தூரம். ஏன் 15? ஃபோகல் நீளத்தின் (லென்ஸின் எம்எம் எண்) 25 மடங்கு. 600 எம்எம்மில் அந்தத் தூரத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சட்டத்துக்குள் 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் அடங்கும், நாளிதழை இரண்டு பக்கமாக விரித்து ஒட்டினால் பெரும்பகுதி நிரம்பிவிடும். அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் 59 செ.மீ. அகலம், 39 செ.மீ. உயரம், ஒற்றைப் பக்கத்தைப் படுக்கவைத்து ஒட்டினால் போதும். டெண்டர் அறிவிப்பும் வரி விளம்பரமும் வரும் பக்கமாகப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், சட்டத்தின் மூலைவரை ஒரே மாதிரி இருக்கும்.

மொட்டை மாடியில் 15 மீட்டர் கிடைப்பது அரிது. புதுச்சேரியில் வளைவில்லாத நேர்த்தெருக்களுக்குப் பஞ்சமில்லை. காலை ஆறு மணிக்கு, பால் வண்டி தவிர வேறு எதுவும் ஓடாத நேரத்தில், ஒரு வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய லென்ஸ் யார் வீட்டைப் பார்க்கிறது என்ற கேள்வி வரும்.

தாளில் சுருக்கம் இருக்கக் கூடாது. லென்ஸ் தாளின் நடு உயரத்தில், சுவருக்கு நேராக நிற்க வேண்டும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஸ்டெபிலைசர் ஆஃப். ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை வைத்து, ஷட்டர் 1/250க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைமரை 2 நொடியில் வைப்பார்கள். இந்த நீளத்துக்கு அது போதாது, பட்டனைத் தொட்ட ஆட்டம் அடங்க 5 நொடியாவது விடுங்கள். மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டர், உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் அதை முன்பே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்-அப்.

இப்போது 600 எம்எம்மில், முழுத் திறப்பில் (லென்ஸின் மிகச் சிறிய எஃப் எண்ணில்), திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே ஃபோகஸ் வைத்து ஐந்து படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பிறகு ஆட்டோ ஃபோகஸில் ஐந்து படம், இதிலும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கலைத்துவிட்டு. அதே பத்துப் படத்தை எஃப் 8இல் ஒருமுறை. 400இலும் 200இலும் இதையே சுருக்கமாக.

பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் வைத்த ஐந்தும் கூர்மை, ஆட்டோ ஃபோகஸ் ஐந்தும் ஒரே அளவு மங்கல் என்றால் கண்ணாடி நன்றாக இருக்கிறது, ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. டிஎஸ்எல்ஆரில் இது சகஜம். கேமராவின் ஏஎஃப் ஃபைன் டியூனில் (ஆட்டோ ஃபோகஸைத் திருத்தும் மெனு) சரிசெய்யலாம். கேனானிலும் நிக்கானிலும் கூட்டல் பக்கம் போனால் ஃபோகஸ் பின்னே நகரும், கழித்தல் பக்கம் போனால் முன்னே வரும். லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிக்மாவின் யூஎஸ்பி டாக், டாம்ரானின் டேப்-இன் கன்சோல் இருந்தால் அருகே ஓர் அளவு, தூரத்தில் ஓர் அளவு என்று லென்ஸுக்குள்ளேயே பதிக்க முடியும். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் பொதுவாக இந்த வேலை இல்லை.

ஆட்டோ ஃபோகஸ் ஐந்தில் இரண்டு கூர்மை, இரண்டு சுமார், ஒன்று மோசம் என்று ஏறுக்குமாறாக வந்தால் அதை ஃபைன் டியூனால் சரிசெய்ய முடியாது. லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் தகட்டின் பொன்னிறத் தொடுமுனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து, லென்ஸைக் கழற்றி மாட்டி, மறுபடி எடுங்கள். அப்படியும் அதேதான் என்றால் குறித்து வையுங்கள்.

முழுத் திறப்பைவிட எஃப் 8 ஒரு பங்கு கூர்மையாக இருப்பது இயல்பு. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். எஃப் 16இல் மங்கினால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அது டிஃப்ராக்ஷன் (சிறு துளையில் ஒளி சிதறுவது), எல்லா லென்ஸுக்கும் பொது.

நடு நன்றாக இருந்து ஒரு பக்கம் மட்டும் மங்கினால்? பெரும்பாலும் கேமரா சுவருக்குச் சரியாக நேராக நிற்கவில்லை. 600 எம்எம் எஃப் 6.3இல் 15 மீட்டரில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 23 செ.மீ. அளவுதான், அதிலும் நுணுகிப் பார்க்கும்போது நடுவிலுள்ள சில அங்குலம்தான். டெலி லென்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. ட்ரைபாடைத் தொடாமல், அடிக்காலோடு லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையமான காலரின் திருகைத் தளர்த்தி, லென்ஸும் கேமராவுமாகச் சேர்த்து 180 பாகை திருப்பிப் பூட்டுங்கள். கேமரா தலைகீழாக நிற்கும். இன்னொரு படம் எடுங்கள். மங்கல் நாளிதழின் அதே பத்தியில் நின்றால் நீங்கள் நிறுத்திய கோணம் தப்பு. மங்கல் கேமராவோடு சேர்ந்து தாளின் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் பெரும்பாலும் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் தவறி உட்கார்ந்திருக்கிறது. கோளாறு கேமராவில் இல்லையென்றால் அந்த லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். நாளிதழ் சோதனையில் முழு வாரத்துக்கும் பதில் சொல்லக்கூடியது இந்த ஒரு படம்தான்.

காற்று

கடற்கரை ஊர்க்காரர்கள் கானலைப் பாலைவனத்து விஷயம் என்று நினைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார், ஏரிக்கரையின் கப்பிச் சாலை, மரக்காணம் உப்பளம், தேவனாம்பட்டினத்து மணல் எல்லாம் காலை எட்டரைக்கே சூடேறத் தொடங்கிவிடும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்குமிடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாததை 600 எம்எம் பெரிதாக்கிக் காட்டும்.

கண்டுபிடிக்கும் முறை: ட்ரைபாடில் வைத்து, நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள மின்கம்பத்தையோ செல்போன் கோபுரத்தின் கம்பிகளையோ 1/1000க்கு மேல் வைத்துப் பத்துப் பட பர்ஸ்ட் (பட்டனை விடாமல் அழுத்தித் தொடர்ச்சியாக) எடுங்கள். ஃபோகஸை முதலிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். பத்தும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோகஸ் தப்பு. ஒரு படத்தில் நேராக இருக்கும் கம்பி அடுத்த படத்தில் நெளிந்திருந்தால் அது காற்றின் வேலை. இதற்கு லென்ஸிலும் மருந்தில்லை, கணினியிலும் மருந்தில்லை. பறவைக்குக் கிட்டே போவது, இல்லாவிட்டால் மறுநாள் ஆறு மணிக்கு வருவது, இரண்டுதான்.

ஏசி ஓடிய காரிலிருந்து கண்ணாடியை இறக்கிவிட்டு எடுப்பவர்கள் இதே கோளாறைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். உள்ளிருந்து குளிர்காற்று வெளியேறுவது லென்ஸுக்கு நேர் எதிரிலேயே. ஏசியை நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, பத்து நிமிடம் பொறுங்கள்.

கை

சோனி 200-600உம் நிக்கான் 180-600உம் இரண்டு கிலோவைத் தொட்டவை. கேமராவோடு சேர்ந்தால் மூன்றை நெருங்கும். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முன்பக்கமாகத் தள்ளி. முழங்கை விலாவோடு ஒட்டி. ஒரு கால் சற்று முன்னே. பட்டனைப் பாதி அழுத்தி அரை நொடி விடுங்கள், ஸ்டெபிலைசர் நிலைகொண்டு காட்சி மிதப்பது நின்றதும் முழுதாக அழுத்துங்கள். அடித்துப்பிடித்து அழுத்தினால் முதல் படம் எப்போதும் வீண்.

அதே நாளிதழை இப்போது கையில் பிடித்து 1/1000, 1/500, 1/250, 1/125 ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். பத்தில் எட்டு கூர்மையாக வரும் வேகம்தான் உங்கள் எல்லை. விளம்பரத்தில் ஸ்டெபிலைசர் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு) காக்கும் என்று போட்டிருப்பது உங்கள் தோளைப் பார்த்துப் போட்டதல்ல. இதே சோதனையை இருபது நிமிடம் லென்ஸைத் தூக்கி நடந்த பிறகு ஒருமுறை செய்து பாருங்கள். ஏரியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த இரண்டாவது எண்தான். அது ரொம்ப மோசமாக இருந்தால் ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் ஒன்று வாங்குங்கள்.

இனி ஏரி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் இங்குள்ள ஏரிகளில் பெரும்பாலும் கரை கிழக்கே, நீர் மேற்கே. காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகில் இருக்கும், பறவைமேல் நேர் வெளிச்சம் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் நிழலுருவம்தான். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி, வீராணம் எதுவானாலும் புது லென்ஸுக்குக் காலைதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரையை விட்டு உள்ளே இறங்க வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். முதல் படம் கரையோரம் தவமிருக்கும் ஒரு மடையானாக இருக்கட்டும். மடையான் 45 செ.மீ. பறவை. 600 எம்எம் ஃபுல் ஃப்ரேமில் 30 மீட்டரில் சட்டத்தின் அகலம் 1.8 மீட்டர், அதில் கால்வாசியைப் பறவை பிடிக்கும், 24 மெகாபிக்ஸல் கேமராவில் அது 1,500 பிக்ஸல். அதே மடையான் 100 மீட்டரில் நின்றால் சட்டம் 6 மீட்டர், பறவைக்குக் கிடைப்பது 450 பிக்ஸல். அதில் இறகின் வரி தெரியவில்லை என்று லென்ஸைத் திட்டிப் பயனில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் மாட்டினால் 600 எஃப் 6.3 என்பது 840 எஃப் 9 ஆகும், வெளிச்சம் பாதியாகும். முதல் மாதம் அதைத் தொடாதீர்கள்.

மடையானுக்கு 1/500, முழுத் திறப்பு, ஆட்டோ ஐஎஸ்ஓ. பறவைக் கண் ஃபோகஸ் இருந்தால் ஆன் செய்யுங்கள், ஆனால் கோரைக்குள் நிற்கும் பறவைக்கு அதை நம்பாதீர்கள். ஒற்றைப் புள்ளியைக் கண்மேல் வையுங்கள். 10 மீட்டரில் இந்த லென்ஸின் ஃபோகஸ் ஆழம் ஒரு சாண் கூட இல்லை, சுமார் 10 செ.மீ. அலகு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும்.

பக்கத்து வேலிக்கம்பியில் வந்து உட்கார்ந்த பஞ்சுருட்டானை லென்ஸ் பிடிக்கவே மாட்டேன் என்று முன்னும் பின்னும் ஓடினால் ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும், லென்ஸின் பக்கவாட்டில் உள்ள லிமிட் சுவிட்சைப் பாருங்கள். சோனி 200-600இல் அது 10 மீட்டர் முதல் முடிவிலி என்றும், நிக்கான் 180-600இல் 6 மீட்டர் முதல் முடிவிலி என்றும் இருக்கும். பையில் உரசி அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் அதற்குக் கிட்டே எதுவும் ஃபோகஸ் ஆகாது. கெட்டுப்போனது என்று சர்வீஸுக்கு வரும் லென்ஸ்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

கொக்குக்கு வேறு பிரச்சினை. பாகூர் வயலில் உழும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் நத்தைக்குத்தி நாரையும் இறங்கும். கையில் பிடித்துப் பழக அருமையான இடம். ஆனால் ஈரச் சேற்றின் கருமையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு சுண்ணாம்பு அடித்த பொம்மையாகிவிடும். இறகு வரிகள் காணாமல் போவது மிகை வெளிச்சத்தால். அதை லென்ஸின் மங்கல் என்று நினைப்பவர்கள் அதிகம். வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை -0.7 அல்லது -1 வைத்துவிட்டுப் பிறகு லென்ஸை எடைபோடுங்கள்.

பறப்பதை எடுக்கச் செம்பருந்துதான் நல்ல வாத்தியார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் மீன் இறங்கும் நேரத்தில் தலைக்குமேல் வட்டமிடும். எங்கே திரும்பும் என்று ஊகிக்கலாம். 1/2000க்குக் குறையாமல், தொடர் ஃபோகஸ், சற்றே அகலமான ஃபோகஸ் வட்டம். 600இல் தேடினால் வானம்தான் தெரியும். 300இல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் ஒட்டியதும் 600க்குப் போங்கள். பர்ஸ்டில் முதல் படம் மங்கி மற்றவை தேறினால் நீங்கள் அவசரப்பட்டீர்கள். நடுவில் நான்கு மட்டும் நழுவி மறுபடி ஒட்டினால் பின்னணிப் படகோ பாய்மரமோ குறுக்கே வந்திருக்கும். அப்படி எதுவும் இல்லாத வெறும் நீலவானத்திலும் நழுவினால்தான் ஃபோகஸைச் சந்தேகப்பட வேண்டும். மீசை ஆலாவையும் மீன்கொத்தி பாய்வதையும் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

பிச்சாவரம் படகில் ட்ரைபாடுக்கு வேலையில்லை; துடுப்பின் ஆட்டம் கால் வழியாக அப்படியே லென்ஸுக்கு ஏறும். கையில் பிடித்து 1/1000க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கூடுகட்டும் காலத்தில் கூட்டுக்குக் கிட்டே போக வேண்டாம், செல்போனில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவும் வேண்டாம். கடலில் சூரியன் எழும்போது டிஎஸ்எல்ஆர் கண்துளை வழியாக அதைப் பார்க்காதீர்கள். மிரர்லெஸ் கேமராவை மூடி போடாமல் சூரியனைப் பார்த்தபடி ட்ரைபாடில் விட்டுப்போனால் ஷட்டர் திரையோ சென்சாரோ கருகும்.

உப்பும் ஈரமும்

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸ்மேல் இந்த ஊர்க் காற்று உடனே வியர்த்து நிற்கும். விடியற்காலை முதல் அரை மணிப் படங்கள் புகைபோல் வந்தால் இதுதான். துடைக்காதீர்கள், மறுபடி வியர்க்கும். கிளம்பும் முன் முக்கால் மணி நேரம் பையை மூடியபடியே வெளியே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடற்கரையில் எடுத்த அன்று, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் குழலையும் ஹூடையும் துடையுங்கள். நீளும் குழல் என்றால் அதைச் சுருக்கும் முன்பே துடைக்க வேண்டும். இல்லையென்றால் உப்பும் மணலும் உள்ளே போகும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் காட்டும் உலர்பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், நூறிருநூறு ரூபாய் ஈரப்பதமானி. தோல் பையில் மட்டும் வைத்து மூடாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதானால்

மடையான் படத்தைக் காட்டி "சாஃப்ட்" என்றால் கடைக்காரர் கை ஆடியது என்பார், அவர் சொல்வதிலும் தப்பில்லை. ட்ரைபாடில் எடுத்த நாளிதழ்ப் படங்களைக் கொண்டுபோங்கள்: கையால் ஃபோகஸ் வைத்த ஐந்து, ஆட்டோவில் ஐந்து, காலரைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஜோடி. ரா ஃபைலும் திருத்தாத ஜேபெக்கும் இரண்டும் பென்டிரைவில் இருக்கட்டும். வாட்ஸாப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, பார்க்க வேண்டியதே காணாமல் போகும். முடிந்தால் கேமராவையும் எடுத்துப்போய், கடையிலுள்ள இன்னொரு லென்ஸை மாட்டி அதே ஜோடிப் படத்தை அங்கேயே எடுங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் கோளாறு லென்ஸில் இல்லை, கேமராவின் மவுன்ட்டிலோ சென்சாரிலோ இருக்கிறது.